பந்தய ஆப்களின் அறிவிப்புகளைப் போனிலிருந்து முழுமையாக நிறுத்துவது எப்படி: படிப்படியான வழிகாட்டி

வேலூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த டிஸ்ப்ளேவோடும் சார்ஜ் ஏறாத போனோடும் வருகிறவர்களுக்கு நடுவே, எந்தப் பழுதும் இல்லாத போனை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அப்படித்தான் தன் அக்காவுடன் வந்தார். "அண்ணா, ரீசெட் போட்டுக் குடுத்துடுங்க. அந்த மெசேஜ் எதுவும் இனிமே வரக் கூடாது" என்று அக்கா சொன்னார். பந்தய ஆப்பைத் தம்பி இரண்டு முறை அழித்திருந்தார். இரண்டு முறையும் ஏதோ ஓர் அறிவிப்பு வந்து, அதைத் தொட்டு, மறுபடியும் உள்ளே போயிருந்தார்.

ரீசெட் போடுவதற்கு நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. போனை அழித்தாலும் எண் அதேதான், வாட்ஸ்அப் கணக்கும் டெலிகிராம் கணக்கும் அவைதான். அதோடு, பணம் எங்கே போனது என்பதற்கான ஆதாரமும் ரீசெட்டில் காணாமல் போய்விடும். அதனால் போனில் அறிவிப்புப் பதிவை மட்டும் இயக்கி வைத்து, மறுநாள் மாலை வரச் சொன்னேன். மறுநாள் அந்தப் பட்டியலில் பந்தயம் தொடர்பான அறிவிப்புகள் 10 இருந்தன. அவற்றில் 4 குரோம் பிரவுசரிலிருந்தும், 3 டெலிகிராமிலிருந்தும், 2 எஸ்.எம்.எஸ். ஆகவும், 1 வாட்ஸ்அப்பிலும் வந்தவை. அழிக்கப்பட்ட ஆப்பிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஆப்பை அழித்ததும் கதவை மூடிவிட்டோம் என்று அந்தக் குடும்பம் நம்பியிருந்தது. வீட்டுக்கு வேறு நான்கு வாசல்கள் திறந்தே இருந்தன.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் வரிசையையே இங்கே எழுதுகிறேன். இதைச் செய்ய எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை. ஒரு போனுக்கு ஒன்றரை மணி நேரமும், பக்கத்தில் உட்கார ஒருவரும் இருந்தால் போதும்.

அறிவிப்பின் நேரமும் இடமும் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன

அந்த 10 அறிவிப்புகளும் வந்த நேரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். காலை 6.10 மணிக்கு, கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்தில் ஒன்று. மதிய உணவு இடைவேளையில் இரண்டு. மாலை 6.50க்கும் 7.30க்கும் இடையில் நான்கு. ஐ.பி.எல். மாலை ஆட்டத்துக்கு 7 மணிக்கு டாஸ், 7.30க்கு முதல் பந்து என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த நான்கும் தற்செயலாக வந்தவை அல்ல என்பது விளங்கும். ஆட்டம் முடிந்த பிறகு 11.20க்கு இரண்டு, கடைசியாக நள்ளிரவு தாண்டி 1.40க்கு ஒன்று. அந்தக் கடைசி அறிவிப்பு, "நேற்று விட்டதை இன்று பிடிக்கலாம், போனஸ் 30 நிமிடத்தில் முடிகிறது" என்ற பொருளில் இருந்தது. தோற்ற மனிதன் தூங்காமல் புரண்டுகொண்டிருக்கும் நேரத்தைக் குறி வைத்து எழுதப்பட்ட வாசகம் அது.

பந்தய ஆப்களில் அறிவிப்புகள் பொதுவாக இரண்டு வகையில் முடுக்கப்படுகின்றன. ஒரு வகை கடிகாரத்தைப் பார்த்து வருவது: டாஸ், இடைவேளை, ஆட்டத்தின் முடிவு, சம்பளத் தேதி. இன்னொரு வகை பயனரின் செயலைப் பார்த்து வருவது: மூன்று நாள் ஆப்பைத் திறக்காமல் இருந்தால், பணம் கட்டும் பக்கம் வரை போய்த் திரும்பிவிட்டால், தொடர்ந்து தோற்றால், அதற்கென்று தயாராக இருக்கும் செய்தி தானாகவே கிளம்பும். இரண்டாம் வகைதான் ஆபத்தானது. அது பொதுவாக எல்லோருக்கும் அனுப்பப்படுவதில்லை. உங்களுடைய பலவீனமான நேரம் எது என்று தெரிந்துகொண்டு உங்களுக்கு மட்டும் அனுப்பப்படுகிறது. பரிசு எப்போது வரும் என்று தெரியாத நிலையில்தான் ஒரு பழக்கம் மிகவும் இறுகும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தம் ஆய்வுகளில் காட்டினார். ஆட்டத்தில் மட்டுமல்லாமல் அறிவிப்பிலும் அதே விதி வேலை செய்கிறது. பத்தில் ஒன்று உண்மையாகவே சிறு தொகையைக் கணக்கில் சேர்க்கும். அந்த ஒன்றுக்காக மற்ற ஒன்பதையும் தொட்டுப் பார்க்கக் கை பழகிவிடும்.

இடமும் அப்படியே கணக்கிட்டு வைக்கப்படுகிறது. வேறு ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையின் மேலே இறங்கி வரும் பட்டை, லாக் ஸ்கிரீனில் தெரியும் வாசகம், ஆப்பின் படத்தின் மீது ஒட்டிக்கொள்ளும் சிவப்புப் புள்ளி ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலையைச் செய்கின்றன. பட்டை உடனே இழுக்கிறது. லாக் ஸ்கிரீன், நேரம் பார்க்கப் போனை எடுத்தவரைப் பிடிக்கிறது. புள்ளியோ, தொடும் வரை மறையாமல் நாள் முழுவதும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து ஓர் ஆப் தன் அறிவிப்புகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்து வைக்க முடியும். பணம் திரும்பி வரும் தகவலையும் விளம்பரத்தையும் தனித்தனிப் பிரிவாக வைத்தால் பயனர் விளம்பரத்தை மட்டும் அணைத்துவிடலாம். நான் பார்த்த பந்தய ஆப்களில் இரண்டும் ஒரே பிரிவில் கலந்திருந்தன. தன் பணம் வருகிற செய்தி தவறிவிடுமோ என்ற பயத்திலேயே மனிதர் அதை அணைக்காமல் விட்டுவிடுகிறார்.

அறிவிப்பு என்ற இதே கருவியை எதிர்த் திசையிலும் பயன்படுத்த முடியும். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்காகத் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிமுறைகளில், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்துக்குத் தடையும், தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் 30 நிமிடத்துக்கு ஒரு முறை எச்சரிக்கை காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் அவற்றைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் வழியில் போனது. ஆனால் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் வெளிநாட்டு முகவரியிலிருந்து நடத்தப்படும் தளங்களின் அறிவிப்புகளைச் சட்டம் உங்கள் போனுக்குள் வந்து அணைக்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

முதல் படி: போனுக்குரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்

அவர் தூங்கும்போது போனை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று பெற்றோரும் மனைவிமாரும் கேட்பார்கள். நான் மறுத்துவிடுவேன். ரகசியமாக அணைத்ததை அவர் ஐந்தே நிமிடத்தில் திரும்ப இயக்கிவிடுவார். அடுத்த முறை பேட்டர்னையும் மாற்றி வைப்பார். ஒவ்வொரு அனுமதியையும் அவர் விரலால் அவரே அணைக்க வேண்டும், மற்றவர் பக்கத்தில் இருந்து படித்துச் சொன்னால் போதும். கணக்கு கேட்கும் நாளாக அந்த நாளை மாற்றிவிடாதீர்கள். எவ்வளவு போனது என்ற கேள்வி அன்று வேண்டாம்.

இரண்டாம் படி: ஒரு நாள் முழுவதும் பதிவு எடுங்கள்

ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய போனில், செட்டிங்ஸைத் திறந்து நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குள் சென்றால் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கும். சாம்சங் போன்களில் அது அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் இருக்கும். பெரும்பாலும் அது அணைந்தே கிடக்கும். இயக்கிய நேரத்திலிருந்துதான் பதிவாகும். அதன்பின் கடந்த 24 மணி நேரத்தில் வந்த அறிவிப்புகள், தள்ளிவிடப்பட்டவைகூட, அங்கே வரிசையாகத் தெரியும். கிரிக்கெட் ஆட்டம் உள்ள நாளாகப் பார்த்து இதைச் செய்யுங்கள்.

மறுநாள் ஒரு தாளில் மூன்று விவரங்களை எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, எந்த ஆப்பின் வழியாக வந்தது, அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார். மூன்றாவது விவரம்தான் முக்கியம், அதை அவர் மட்டுமே சொல்ல முடியும். இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எட்டாம் படியில் இது மறுபடி தேவைப்படும்.

மூன்றாம் படி: அழிப்பதற்கு முன் பணத்தின் பாதையை மூடுங்கள்

முதலில் பணம் கட்டிய பக்கங்கள், எந்த யு.பி.ஐ. முகவரிக்குப் போனது, கணக்கில் காட்டும் மீதி எவ்வளவு என்பனவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குடும்பத்தில் நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அடுத்து, பயன்படுத்தும் ஒவ்வொரு யு.பி.ஐ. ஆப்பிலும் ஆட்டோபே அல்லது மேன்டேட் என்ற பகுதியைத் திறந்து, பணம் தானாகவே பிடிக்கப்படுவதற்குத் தெரியாத பெயரில் உள்ள அனுமதிகளை ரத்து செய்யுங்கள். வங்கி ஆப்பில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகையின் வரம்பைக் குறைக்க வசதி இருந்தால், வீட்டுச் செலவுக்கு வேண்டிய அளவுக்கு இறக்கி வையுங்கள்.

இந்த இடத்தில் பலரும் ஒரு பொறியில் விழுகிறார்கள். "உள்ளே இருக்கும் மீதியை எடுத்துவிட்டு மூடிவிடுகிறேன்" என்பார்கள். எடுக்கப் போனால், வரி கட்ட வேண்டும் என்றோ, கணக்கைச் சரிபார்க்க இன்னும் கொஞ்சம் பணம் போட வேண்டும் என்றோ திரையில் கேட்கும். அப்படிக் கேட்டால் அது மோசடி. ஒரு ரூபாய்கூடப் போடாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். ஆடியதற்காக நம்மீதே வழக்கு வருமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் தண்டனைப் பிரிவு உண்டு. அதனால் பயம் இருந்தால் மறைக்காமல் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணில் முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: ஆப்பை முறையாக நீக்குங்கள்

ஆப்பின் படத்தை நீளமாக அழுத்தி அன்இன்ஸ்டால் கொடுப்பது கடைசி வேலை. அதற்கு முன், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள் சென்று அந்த ஆப்பின் அறிவிப்பு அனுமதியை அணையுங்கள். பிறகு ஸ்பெஷல் ஆப் ஆக்ஸஸ் என்ற பகுதியில் இரண்டு பட்டியல்களைப் பாருங்கள். மற்ற ஆப்களின் மேல் தோன்றும் அனுமதி ஒன்று. தெரியாத ஆப்களை நிறுவும் அனுமதி மற்றொன்று. பந்தய ஆப்கள் பலவும் பிளே ஸ்டோர் வழியாக வராமல், லிங்க்கில் வரும் ஏ.பி.கே. கோப்பாகவே (ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) நிறுவப்படுகின்றன. குரோம், வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபைல் மேனேஜர் ஆகியவற்றுக்கு அந்த நிறுவும் அனுமதி இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நீக்கும் பொத்தானே வேலை செய்யாவிட்டால், போனையே கட்டுப்படுத்தும் அனுமதி பெற்ற ஆப்களைக் காட்டும் டிவைஸ் அட்மின் ஆப்ஸ் பட்டியலில் அந்த ஆப் ஒளிந்திருக்கக்கூடும். அங்கே அதன் அனுமதியை எடுத்துவிட்டு நீக்குங்கள். ஸ்கோர் பார்க்கும் ஆப், கணிப்புச் சொல்லும் ஆப் என்ற வேடத்தில் இருப்பவற்றையும் விட்டுவைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பிரவுசர்

அதிகம் தவறவிடப்படும் வாசல் இதுதான். ஏதோ ஒரு தளத்தில் ஸ்கோர் பார்க்கப் போனபோது "அலோ" என்ற பொத்தானைத் தொட்டிருப்பார். அன்றிலிருந்து அந்தத் தளம், திறக்கப்படாமலேயே அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். அது குரோமின் பெயரில் வருவதால் போனே அனுப்புகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உற்றுப் பார்த்தால் தளத்தின் முகவரி சிறிய எழுத்தில் தெரியும்.

குரோமைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற வரிசையில் உள்ளே செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்கள் அங்கே பட்டியலாக இருக்கும். அந்த இளைஞரின் போனில் 17 தளங்கள் இருந்தன. அவற்றில் ஆறு முகவரிகள் கடைசி எண்ணில் மட்டுமே வேறுபட்ட ஒரே தளம். ஒரு முகவரி முடக்கப்பட்டால் அடுத்த எண்ணோடு புதிய முகவரி திறப்பது இவர்களின் வழக்கம் என்பதால், ஒவ்வொன்றாகத் தடுப்பது போதாது. ஒவ்வொரு தளத்தையும் தொட்டு அதன் தரவை அழித்துவிட்டு, பிறகு பக்கத்தின் மேலே உள்ள பொதுவான சுவிட்சையே அணைத்துவிடுங்கள். இனி எந்தத் தளமும் அனுமதி கேட்கவே முடியாது. போனில் வேறு பிரவுசர்கள் இருந்தால், குறிப்பாகப் போன் கம்பெனியே போட்டுக் கொடுத்த பிரவுசரில், இதையே மறுபடியும் செய்யுங்கள்.

ஆறாம் படி: எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப், டெலிகிராம்

எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவரின் பெயருக்குப் பின் ஒரு கோடும் எழுத்தும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எழுதி, இடைவெளி விட்டு 0 சேர்த்து, தொல்லைச் செய்திகளைத் தடுப்பதற்கான எண்ணான 1909க்கு அனுப்பினால் விளம்பரச் செய்திகள் முழுவதும் நிறுத்தப்படும், வங்கியின் ஓ.டி.பி. வருவது நிற்காது. ஆனால் பந்தயக்காரர்கள் பெரும்பாலும் சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்தே அனுப்புகிறார்கள். அத்தகைய செய்தி வந்த 7 நாளுக்குள் 1909இல் புகார் கொடுக்கலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்பு, செய்திகளைத் தெரிவிக்கும் சக்‌ஷு பகுதியிலும் அந்த எண்ணைத் தெரிவிக்கலாம்.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும், குழுக்களில் யார் நம்மைச் சேர்க்கலாம் என்ற அமைப்பு பிரைவசி பகுதிக்குள் இருக்கிறது. அதை மை கான்டாக்ட்ஸ் என்று மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு: எதில் பந்தயம் கட்டலாம் என்று "டிப்ஸ்" கொடுப்பவரின் எண்ணைக் கான்டாக்டில் சேமித்து வைத்திருந்தால் இந்தத் தடை அவரைத் தடுக்காது, எனவே அந்த எண்ணை முதலில் நீக்குங்கள். குழுக்களை மியூட் செய்வது போதாது. சத்தம்தான் நிற்கும், படிக்காத செய்திகளின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே இருக்கும். ரிப்போர்ட் செய்து, வெளியேறி, அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பின் அப்டேட்ஸ் பக்கத்தில் பின்தொடரும் சேனல்களையும் பார்த்து நீக்குங்கள்.

இந்தப் படியில்தான் நிறையப் பேருக்குக் கை நடுங்குகிறது. அந்தக் குழுக்களில் உடன் வேலை செய்கிறவர்களும் பள்ளிக்கூட நண்பர்களும் இருப்பார்கள். வெளியேறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற கூச்சம் பெரிது. அவசரப்படுத்தாதீர்கள். ஒரு குழுவை விட்டு வெளியேறிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து அடுத்ததைப் பார்க்கலாம்.

ஏழாம் படி: விளம்பரங்கள்

கூகுள் கணக்கில் மை ஆட் சென்டர் என்ற பக்கம் உண்டு. அங்கே சூதாட்டம் தொடர்பான விளம்பரங்களைக் குறைக்கும் சுவிட்ச் தனியாகவே இருக்கிறது. யூடியூபுக்கும் அது பொருந்தும். முழுவதும் நின்றுவிடாது, ஆனால் கணிசமாகக் குறையும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வேலை சற்றுக் குறைவு. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் ஒவ்வோர் ஆப்பாக அலோ நோட்டிஃபிகேஷன்ஸை அணைத்துவிட்டு ஆப்பை நீக்கலாம். ஆறாம் படியும் ஏழாம் படியும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

எட்டாம் படி: அந்த நேரங்களை உங்கள் வசம் எடுத்துக்கொள்ளுங்கள்

இப்போது இரண்டாம் படியில் எழுதிய தாளை எடுங்கள். அறிவிப்பு வந்த நேரங்கள் அதில் இருக்கின்றன. அறிவிப்பு நின்ற பிறகும் அந்த நேரங்களில் கை தானாகப் போனைத் தேடும். முதல் இரண்டு மூன்று வாரம் அது நிச்சயம் நடக்கும். டூ நாட் டிஸ்டர்பில் ஷெட்யூல் என்ற வசதியைத் திறந்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடும்பத்தாரின் அழைப்புகள் மட்டும் வரும்படி அமையுங்கள். போனை வேறு அறையில் சார்ஜ் போட்டு, எழுந்திருக்க 200 ரூபாய் அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

மாலை 6.50க்கு என்ன செய்வது என்பதை அவரே சொல்ல வேண்டும். அந்த இளைஞர் சொன்னது, அக்கா மகனை டியூஷனிலிருந்து கூட்டிவரும் வேலையைத் தான் எடுத்துக்கொள்வதாக. அதைப் போனிலேயே நினைவூட்டலாக, தினமும் 6.45 மணிக்கு, பையனின் பெயரோடு போட்டுக்கொண்டார். பந்தயக்காரன் பிடித்து வைத்திருந்த திரையின் அதே இடத்தில், அதே நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு, அவருடைய சொந்த அறிவிப்பு வந்து நிற்கிறது.

தூக்கம் வராமை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு, கடனை மறைப்பதற்காக மேலும் கடன் ஆகியவை தென்பட்டால் செட்டிங்ஸ் மாற்றம் போதாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நம் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையமும் இருக்கின்றன. உடன் போகிற ஒருவர் இருந்தால் முதல் நாள் எளிதாகக் கழியும்.

ஒன்பதாம் படி: இரண்டு தேதிகளில் திரும்பப் பாருங்கள்

அடுத்த பெரிய ஆட்டம் நடக்கும் இரவிலும், அடுத்த சம்பளம் ஏறும் நாளிலும் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியை மறுபடி திறந்து பாருங்கள். புதிதாக ஏதாவது வந்திருந்தால் அது எந்த வாசல் என்று பார்த்து, அந்தப் படியை மட்டும் திரும்பச் செய்யுங்கள். நடுவில் அவர் ஒரு முறை ஆடியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எந்த அறிவிப்பைத் தொட்டுப் போனார் என்று மட்டும் கேளுங்கள்.

அந்த அக்காவும் தம்பியும் சம்பளம் ஏறிய மறுநாள் கடைக்கு வந்தார்கள். தம்பியின் பட்டியலில் ஒரே ஓர் எஸ்.எம்.எஸ். இருந்தது, அதற்கு அவரே 1909இல் புகார் கொடுத்திருந்தார். ஒரு யோசனையில் அக்காவின் போனையும் வாங்கிக் குரோமைத் திறந்தேன். எப்போதோ தன் போனில் சார்ஜ் இல்லாதபோது தம்பி அதில் ஸ்கோர் பார்த்திருக்கிறார். இரண்டு பந்தயத் தளங்கள் அனுமதியோடு உட்கார்ந்திருந்தன. வீட்டில் உள்ள எல்லாப் போன்களிலும் ஐந்தாம் படியைச் செய்துவிடுங்கள்.